ஐந்தாவது டிக்கெட்

தலைப்பு: வெளிநாட்டுச் சுற்றுலாவில் நிறைவான மகிழ்ச்சி தருவது தாராளச் செலவே! சிக்கனத் திட்டமே!

(‘சிக்கனத் திட்டமே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் இப்போதுதான் பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் அவர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கும் அன்பு நெஞ்சங்களே! 

பேராசிரியர் அற்புதமாகப் பேசினார். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்துக்கு எதிரே இருபத்தைந்தாவது மாடியில் தங்கினாராம். திரையை விலக்கினால் கோபுரம். குளியலறைக் கதவைத் திறந்தால் கோபுரம். தலையணையிலேயே நாலு வகையாம். கேட்கக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நடுவர் அவர்களே, நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா? பத்து நிமிஷம் பேசினார். அதில் ஒன்பது நிமிஷம் ஓட்டலைப் பற்றிப் பேசினார். மிச்சம் ஒரு நிமிஷம் ஊரைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தேன். அந்த நிமிஷத்தில் இருமினார்! (சிரிப்பு)

நான் ஒன்று கேட்கிறேன் ஐயா. ஐந்து நட்சத்திர ஓட்டல் என்கிறீர்கள். நல்லது. கண்ணை மூடித் தூங்கின பிறகு எத்தனை நட்சத்திரம்? (கைதட்டல்) காலையில் எட்டு மணிக்கு வெளியே கிளம்பி, ராத்திரி பத்து மணிக்குக் கால் வலியோடு திரும்பி வந்து விழுகிற ஆளுக்கு என்ன வேண்டும்? சுத்தமான விரிப்பு வேண்டும். உள்ளே தாழ் போடக்கூடிய கதவு வேண்டும். குளியலறையில் தண்ணீர் வரவேண்டும். இந்த மூன்றும் இருந்துவிட்டால் அந்த ஆள் குறட்டை விடுவார். குறட்டைக்கு எந்த நாட்டிலும் கட்டணம் கிடையாது. (சிரிப்பு)

அடுத்து, அந்தக் கோபுரத்துக்கே வருகிறேன். 1998-இல் கட்டி முடித்தார்கள். 452 மீட்டர் உயரம், 88 மாடி. கட்டணம் கட்டினால் 41, 42-ஆம் மாடிகளில் உள்ள இணைப்புப் பாலத்துக்கும், 86-ஆம் மாடிக்கும் கூட்டிப் போகிறார்கள். பேராசிரியர் மேலே போனார். நான் கேட்கிறேன், மேலே போனவருக்குக் கோபுரம் தெரிந்ததா? ஊர் தெரிந்தது, உண்மை. கோபுரம் தெரியாதே! கோபுரத்தைப் பார்க்கணும் என்றால் கீழே இருந்துதான் பார்க்கணும்! (பலத்த கைதட்டல்)

அந்தக் கோபுரத்தின் காலடியிலேயே 50 ஏக்கரில் ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பிள்ளைகள் இறங்கி விளையாட முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ள குளம் இருக்கிறது. இருட்டினால் ஏரியில் நீரூற்று இசைக்கு ஆடுகிறது. அந்த ஊர்க்காரர்களே பிள்ளை குட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் ஓரமாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், அடேயப்பா, கோபுரம் முழுக்க விளக்கு! இருபத்தைந்தாவது மாடியில் இருந்தவருக்குக் கோபுரத்தின் இடுப்புதான் தெரிந்திருக்கும். எங்களுக்கு அடி முதல் முடி வரை தெரிந்தது. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. விலை குறைவு என்றாலே தரம் குறைவு என்று நம் மனசில் பதிந்துவிட்டது. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் நமக்கு மலிவாகக் கிடைக்கிற பல விஷயங்கள், சுற்றுலாக்காரர்களுக்காக வைத்தவையே இல்லை. அந்த ஊர்க் குடும்பங்களுக்காக வைத்தவை. அதனால்தான் விலை குறைவு.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பேர் கேட்டாலே பர்ஸ் நடுங்குகிற ஊர்! (சிரிப்பு) அங்கே 1859-இல் தொடங்கின தாவரவியல் பூங்கா இருக்கிறது. 2015-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். மற்றபடி அதிகாலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவு வரைக்கும் யார் வேண்டுமானாலும் சும்மா உள்ளே போகலாம். மரீனா வளைகுடாவில் இரும்பு மரங்கள் மாதிரி உயரமாக நிறுத்தியிருக்கிறார்களே, மாலையில் அதன் கீழே புல்தரையில் படுத்துக்கொண்டு ஒளிக்காட்சி பார்க்கலாம். அதற்கும் காசு இல்லை.

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றில் ஒரு படகு ஓடுகிறது. நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி, வேலைக்குப் போகிறவர்கள் ஏறி இறங்குகிற படகு. அதில் ஒரு மூலையில் நின்றால் போதும், அரண்மனையும் கோயிலும் கரையோரமாக நகர்ந்து நகர்ந்து நம் கண் முன்னால் வரும். வியட்நாமில் ஹனோய் நகரத்தில் ஒரு ஏரி, ஹோவான் கியெம் என்று பேர். 2016 முதல் வார இறுதியில் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டியை நிறுத்திவிட்டு, நடக்கிறவர்களுக்கே விட்டுவிடுகிறார்கள். பாட்டிகள் உடற்பயிற்சி செய்கிறார்கள், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். நாம் நடுவில் நடந்தால் நம்மையும் ஊர்க்காரர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். இருபத்தைந்தாவது மாடியில் இந்த மரியாதை கிடைக்குமா?

நடுவர்: அம்மா, எல்லா ஊரையும் சுத்திட்டீங்க. எனக்குப் பசிக்குது. சாப்பாட்டுக்கு எப்போ வருவீங்க? (சிரிப்பு)

வந்துவிட்டேன் ஐயா! உங்களைப் பட்டினி போடுவேனா? சிங்கப்பூரில் முன்பு சாப்பாடு தெருவோரத் தள்ளுவண்டிகளில்தான். 1970-களில் அரசாங்கம் அந்த வியாபாரிகளை விரட்டாமல், கூரை போட்டு, தண்ணீர் குழாய் போட்டு, சாக்கடை வசதி செய்து, அங்காடி மையங்களாக உட்காரவைத்தது. 2020-இல் அந்த அங்காடிப் பண்பாட்டையே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இன்னொன்று கேளுங்கள். மிஷலின் என்று ஒரு வழிகாட்டிப் புத்தகம். உலகத்துப் பெரிய உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுப்பவர்கள். அவர்கள் 2016-இல் சிங்கப்பூருக்கு முதல் பதிப்பு போட்டபோது, இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். அதில் ஒரு கடையில் கோழியும் சோறும் ஒரு தட்டு அப்போது ஏறக்குறைய இரண்டு சிங்கப்பூர் டாலர்தான். பேராசிரியர் ஐயா, உங்களுக்கு நட்சத்திரம் படுக்கையில் கிடைத்தது. எங்களுக்குத் தட்டிலேயே கிடைத்தது! (பலத்த கைதட்டல்)

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முகம் வாடவேண்டாம். மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு வாருங்கள். ஜார்ஜ் டவுனில் குட்டி இந்தியா என்று ஒரு பகுதி. வாழையிலைச் சாப்பாடு, தோசை, பூரி எல்லாம் உண்டு. 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நாசி கண்டார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் காவுதடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற சாப்பாடு. உழைக்கிறவன் பசிக்கு உண்டான சாப்பாடு ஐயா அது. இன்றைக்கு அந்தத் தீவுக்கே அதுதான் அடையாளம்.

சரி, எதிரணியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. “வாழ்க்கையில ஒரு தடவை போறோம், அப்பவும் கஞ்சத்தனமா?” என்று. இதற்குப் பதில் சொல்லியாகணும். கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு ஐயா. ஓட்டல் அறையில் வெந்நீர் போட ஒரு கெட்டில் வைத்திருப்பார்கள். அதில் முட்டை அவிப்பது கஞ்சத்தனம்! (சிரிப்பு) வெயிலில் நின்று இளநீர் விற்கிறவரிடம் ஒரு ரிங்கிட் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் மல்லுக்கட்டுவது கஞ்சத்தனம். பயணக் காப்பீடு எடுக்காமல் விடுவது, வயசானவர்களைப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைப்பது, குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடிப்பது, இதெல்லாம் கஞ்சத்தனம். எது வேணும், எது வேண்டாம் என்று உட்கார்ந்து யோசித்து, வேண்டியதற்குக் கொடுத்து, வேண்டாததை விடுவது சிக்கனம்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மலேசியா போகலாம் என்று முடிவு செய்தோம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம் என்று அனுமதித்தார்கள். 2026 முடிய அதை நீட்டியிருக்கிறார்கள். திருச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூருக்கு விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். என் வீட்டுக்காரர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஐந்து ராத்திரி. நாலு பேர். நான், அவர், ரெண்டு பிள்ளைகள். பெரிய ஓட்டல், ஒரே அறை, ராத்திரிக்கு 15 ஆயிரம். மொத்தம் 75 ஆயிரம். “கொஞ்சம் பெர்சனல் லோன் போட்டுக்கலாம்”னு மெதுவாச் சொன்னார்.

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டாள், “அப்பா, நாலுதான் போட்டிருக்கீங்க. அப்பத்தா வரலையா?”

வீடு அமைதியாகிவிட்டது. அப்பத்தா என்றால் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அடுப்படியிலிருந்து அத்தை குரல் வருகிறது: “நான் எதுக்கும்மா? எனக்குக் கால் வலி. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கறேன்.”

தாய்மார்களே, இந்த வசனத்தை உங்கள் வீட்டில் கேட்டதில்லையா? (“கேட்டிருக்கோம்” என்று குரல்கள்) “நான் வீட்டப் பாத்துக்கறேன்.” நம்ம ஊரில் பாதி அம்மாக்கள் இப்படித்தான் உலகத்தைப் பார்க்காமலே வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! (பலத்த கைதட்டல்)

நான் அந்த நோட்டை வாங்கினேன். பெரிய ஓட்டலை அடித்தேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சுத்தமான சின்ன ஓட்டலில் ரெண்டு அறை. அறைக்கு 3 ஆயிரம். ரெண்டு அறைக்கு 6 ஆயிரம். ஐந்து ராத்திரிக்கு 30 ஆயிரம். மலேசியாவில் வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வொரு அறைக்கும் ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017 முதல் வசூலிக்கிறார்கள். ரெண்டு அறை, ஐந்து ராத்திரி, 100 ரிங்கிட். நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். எல்லாம் சேர்த்து 32 ஆயிரம் என்று வையுங்கள். 75-லிருந்து 32 போனால் மிச்சம் 43 ஆயிரம். அத்தைக்கு விமான டிக்கெட் போக வர 22 ஆயிரம். அதற்கப்புறமும் 21 ஆயிரம் கையில் இருக்கிறது! லோனும் இல்லை, வட்டியும் இல்லை.

நடுவர் அவர்களே, இதுதான் என் கட்சி. தாராளமாகப் போனால் நாலு டிக்கெட். சிக்கனமாகப் போனால் ஐந்து டிக்கெட்! (நீண்ட கைதட்டல்)

வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பிரயோஜனப்படட்டும் என்று ஓட்டல் பிடிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மணியை அடித்துவிடாதீர்கள் ஐயா!

நடுவர்: கை மணிகிட்ட போகல. நானும் குறிச்சுக்கிட்டிருக்கேன். (சிரிப்பு)

ஒன்று, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பிடியுங்கள். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும். மிச்சம் பிடித்த காசை டாக்சிக்காரருக்குக் கொடுப்பீர்கள். இரண்டு, அறையில் ஜன்னல் உண்டா என்று கேளுங்கள். அந்தப் பக்கத்து நகரங்களில் ஜன்னலே இல்லாத அறைகளும் உண்டு. விலை குறைவு என்று எடுத்தால், விடிந்ததா இல்லையா என்று கடிகாரத்தைத்தான் கேட்கணும். ஜன்னல் உள்ள அறைக்குக் கொஞ்சம் கூடுதல். நான் கொடுத்தேன். மேலே சொன்ன 3 ஆயிரம் ஜன்னலோடு சேர்த்துத்தான். இந்த ஜன்னலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும். மூன்று, அங்கே போனதும் வரியும், சில இடங்களில் முன்பணமும் கேட்பார்கள். முன்பணம் கிளம்பும்போது திரும்பக் கிடைக்கும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான்கு, விமானம் காலையில் இறங்கும், அறை பகலில் ரெண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊர் சுற்றக் கிளம்புங்கள். ஐந்து, அறைக்குள் டுரியான் பழம் கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டு எழுதியிருப்பார்கள். மதியுங்கள். அந்த வாசனை நீங்கள் ஊருக்குத் திரும்பின பிறகும் அங்கேயே தங்கும், வாடகை கொடுக்காமல்! (சிரிப்பு)

இன்னொன்று. மலேசியாவுக்குப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்பணும். அரசாங்கத்தின் பக்கத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது சரியான இடம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பெட்டி எடை வேறு. மலிவான விமானங்களில் கையில் கொண்டுபோகிற சாமானுக்கு 7 கிலோ என்பார்கள். அத்தை ஊறுகாய் ஜாடியோடு வந்து நின்றார்கள். ஜாடி மட்டும் மூன்று கிலோ. ஜாடி வீட்டைப் பார்த்துக்கொண்டது, அத்தை விமானம் ஏறினார்கள். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

போனோம் ஐயா. முதலில் கோலாலம்பூர். அங்கிருந்து பத்துமலைக்கு உள்ளூர் ரயிலிலேயே போகலாம், சில ரிங்கிட்தான் டிக்கெட். சுண்ணாம்புக் கல் மலை. அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரத்துக்குத் தங்க நிறத்தில் முருகன், 2006-இல் நிறுவியது. பெரிய குகைக்கு 272 படி. 2018-இல் அந்தப் படிகளுக்கு வண்ணம் அடித்து வானவில் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் குகைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அத்தை அண்ணாந்து முருகனைப் பார்த்தார்கள். “மேல ஏற முடியாதவங்களுக்காகக் கீழயே வந்து நிக்கிறாரு”ன்னாங்க. சொல்லிவிட்டு, கால் வலிக்காரர் ஏற ஆரம்பித்துவிட்டார்கள்! இருபது படிக்கு ஒரு தடவை நின்று, என் மகன் எண்ணிச் சொல்ல, குரங்குகள் வழிவிட, 272 படியும் ஏறினார்கள். எப்படி முடிந்தது? நாங்கள் சொந்தமாகப் போனதால் முடிந்தது. முக்கால் மணி நேரத்தில் பஸ்ஸுக்கு வந்துடணும் என்று கொடியைத் தூக்கிக்கொண்டு யாரும் நிற்கவில்லை. பணத்தில் சிக்கனம், நேரத்தில் தாராளம்! (கைதட்டல்)

அப்புறம் பினாங்கு. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில், ஏறக்குறைய நாலு மணி நேரம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத் துறை. சில்லறைக் காசுக்குக் கடலைக் கடக்கிறோம். காற்று முகத்தில் அடிக்கிறது, தீவு கிட்ட வருகிறது. உல்லாசக் கப்பலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்களுக்கும் இதே கடல்தான், இதே காற்றுதான்.

ஜார்ஜ் டவுன் 2008-இல் உலகப் பாரம்பரிய நகரம் ஆனது. கீழே கடை, மேலே வீடு என்று கட்டின பழைய கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சிலவற்றைச் சின்னச் சின்னத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். அப்படி ஒன்றில்தான் தங்கினோம். மர ஜன்னல், பூப்போட்ட தரை ஓடு. கட்டணம் கட்டிப் பார்க்கிற அருங்காட்சியகம் மாதிரி இருக்கிறது, நமக்கு அதற்குள்ளேயே படுக்கை! ஆர்மீனியன் தெருவில் சுவரில் ரெண்டு பிள்ளைகளை வரைந்து, அவர்கள் ஓட்டுகிற மாதிரி நிஜ சைக்கிளையே சுவரோடு பொருத்தியிருக்கிறார்கள். 2012-இல் வந்த ஓவியம். என் பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் காலை 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்கா. ஒரு நாள் சயாமியர் கோயில். 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சாய்ந்து படுத்திருக்கிறார். எதிர்ப் பக்கமே பர்மியக் கோயில். ரெண்டு நாட்டையும் ஒரே தெருவில் பார்த்தோம். டிக்கெட் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன் நடுவர் அவர்களே. பினாங்கில் ரெண்டாவது நாள் காலை, குட்டி இந்தியாவில் ஒரு சின்ன உணவகம். பரிமாறுகிற தம்பி மலேசியத் தமிழர். நேராக அத்தையிடம் வந்து கேட்டார், “அம்மா, என்ன சாப்பிடுறீங்க?”

அத்தை உடனே எங்கள் பக்கம் திரும்பி, “உங்களுக்கு என்னப்பா வேணும்?” என்றார்கள்.

அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார், “அவங்கள அப்புறம் கேக்கறேம்மா. உங்களுக்கு என்ன வேணும்?”

அத்தைக்குப் பதில் வரவில்லை. நாற்பது வருஷமாக எல்லோரையும் “என்ன வேணும், என்ன வேணும்” என்று கேட்டுக்கேட்டுச் சமைத்துப் போட்டவர்கள். யாராவது தன்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்ததே இல்லை. கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னார்கள்:

“ஒரு தோசை குடு தம்பி. நான் சுடாத தோசை.”

(அரங்கில் அமைதி, பிறகு நீண்ட கைதட்டல்)

என்ன விலை ஐயா அந்தத் தோசை? சில ரிங்கிட். பேராசிரியரின் ஓட்டலில் நூறு வகைச் சிற்றுண்டி அடுக்கி வைத்திருப்பார்கள். வைத்திருக்கட்டும். அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போய் நூறு வகையை நான் தின்றால், அதில் ஒரு வகையாவது தொண்டையில் இறங்குமா?

அந்த ஜன்னலைச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். முதல் நாள் காலையில் அத்தை எழுந்ததும் ஓட்டல் போர்வையை உதறி, நாலாக மடித்து, தலையணையை அடுக்கி, கண்ணாடித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்கள். “விடுங்க அத்தை, அதுக்கு ஆள் வருவாங்க” என்றேன். “வர்றவ பாவம் இல்லையா” என்றார்கள். அடுத்த நாளும் அப்படியே. பினாங்கில் கடைசி நாள் காலையில் நான் எழுந்து பார்க்கிறேன், போர்வை கலைந்தபடியே கிடக்கிறது. அத்தை நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் தேநீரோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே கடைக்காரர் கதவைத் திறக்கிறார். ஒரு பெரியவர் சைக்கிளில் போகிறார். ஒன்றும் பெரிய காட்சி இல்லை. ஆனால் அத்தை முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை எங்கள் வீட்டு அடுப்படியில் நான் பார்த்ததே இல்லை ஐயா.

452 மீட்டர் கோபுரம் பார்த்தேன். 42 மீட்டர் முருகனைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பயணத்தில் பெரிய காட்சி எது என்று கேட்டால், மடிக்காத அந்தப் போர்வைதான்! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, வரவு சின்னதாக இருந்தாலும் செலவு வாசல் பெரிதாகாமல் பார்த்துக்கொண்டால் கெடுதல் இல்லை என்பது வள்ளுவர் நமக்குச் சொன்ன கருத்து. நான் அதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். செலவு வாசலைச் சின்னதாக்கினால், வீட்டு வாசலில் நின்று கையசைத்து வழியனுப்புகிறவர்களின் எண்ணிக்கையும் சின்னதாகும். அவர்களும் நம்மோடு வண்டியில் ஏறிவிடுவார்கள்!

எதிரணி நண்பர்களே, உங்கள் ஓட்டலில் தலையணை நாலு வகை இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஓட்டலில் ஒரே வகைத் தலையணைதான். ஆனால் அதில் தலை வைத்துத் தூங்கின தலைமுறை மூன்று! (கைதட்டல்) ஊருக்குத் திரும்பியதும் உங்களுக்கு மாதத் தவணை வந்தது. எங்களுக்கு அத்தை சொல்கிற கதை வந்தது. தவணை மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். இந்தக் கதையை என் பிள்ளைகள் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுவார்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, வெளிநாட்டுச் சுற்றுலாவில் நிறைவான மகிழ்ச்சி தருவது சிக்கனத் திட்டமே என்று தீர்ப்பு வழங்குங்கள். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், உங்கள் வீட்டில் ‘நான் வீட்டப் பாத்துக்கறேன்’ என்று சொல்கிறவர் யார் என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கிவிட்டு, அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்!



(நீண்ட கைதட்டல்)